ஸ்லோ குக்கரில் காய் கீழே, கறி மேலே

குறைந்த சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கும் மின்பாத்திரமான ஸ்லோ குக்கரில் கறியைவிட உருளையும் கேரட்டும்தான் வேக அடம்பிடிக்கும். சூடு அடியிலும் பக்கவாட்டிலும் இருந்து வருவதால் கிழங்குகளை ஒரே அளவில் நறுக்கி அடியில் பரப்புவேன். கறி அதன் மேல். எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறி இதற்கு வேண்டாம், நார்நாராக வறண்டுவிடும். தொடை, கால் பகுதிதான் சரி: அதிலுள்ள கொலாஜன் என்ற புரதம் மெல்லக் கரைந்து குழம்புக்கே ஒரு வழவழப்பைத் தரும்.

உறைந்த கறியை அப்படியே போடாதீர்கள். முதல் நாளே ஃப்ரிட்ஜுக்குள் மாற்றி இளக வையுங்கள். இல்லாவிட்டால் சூடேறுவதற்குள் கிருமி பெருகும். வாணலியில் சிவக்க வதக்கிப் போட்டால் மணம் கூடும். சோம்பலான நாளில் நான் அதை விட்டுவிடுவதும் உண்டு.

பாத்திரம் பாதிக்கு மேல், முக்கால் வரை நிறையட்டும். நீராவி வெளியேறாது, காயும் நீர் விடும். அதனால் வழக்கமாக ஊற்றுவதில் பாதித் தண்ணீர் போதும். 'லோ'வில் 8 மணி நேரம், அவசரமென்றால் 'ஹை'யில் 4. இடையில் மூடியைத் திறந்து பார்க்கும் ஆசை வரும். ஒவ்வொரு முறையும் இருபது நிமிடமாவது வீண்.

பட்டாணி, கீரை, பால், தயிர் எல்லாம் கடைசி அரை மணியில். ராஜ்மா சேர்ப்பதானால் ஊறவைத்துத் தனியாகப் பத்து நிமிடம் கொதிக்கவைத்த பிறகே. அதன் நச்சு இந்த மெல்லிய சூட்டில் போகாது.