அணு எண்ணிலிருந்து புள்ளி வரைபடம் வரை: பிணைப்பைக் கணக்கிட்டு வரையும் முறை

ஒரு சேர்மத்தின் பிணைப்பை வரையச் சொன்னால், பலரும் அணுக்களுக்கு இடையே முதலில் கோடுகளைப் போட்டுவிட்டு, எலக்ட்ரான்கள் சரியாக வருகின்றனவா என்பதைக் கடைசியில்தான் சோதிக்கிறார்கள். கோடு என்பது கணக்கின் விடை. கணக்குப் போடும் முன்பே விடையை எழுதினால், நீருக்கும் மீத்தேனுக்கும் எப்படியோ சரியாக வந்துவிடும், நைட்ரேட்டில் சிக்கிக்கொள்ளும். இங்கே விளக்கும் முறையில் அணு எண்ணில் தொடங்கி, இணைதிற எலக்ட்ரான்களை (பிணைப்பில் ஈடுபடும் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களை) கண்டு, அவற்றின் கூட்டுத்தொகையைப் பக்கத்தின் ஓரத்தில் எழுதிவைத்த பிறகே முதல் கோட்டை வரைகிறோம். அணு எண்ணும் எலக்ட்ரான் கவர்தன்மை (பிணைப்பில் உள்ள எலக்ட்ரான்களை அணு தன்பக்கம் ஈர்க்கும் திறன்) மதிப்புகளும் அச்சிட்ட ஒரு தனிம வரிசை அட்டவணை கையில் இருந்தால் போதும்.

அட்டவணையில் எந்த எண்ணைப் படிப்பது

ஒவ்வொரு கட்டத்திலும் எலக்ட்ரான் கவர்தன்மை மதிப்பைத் தவிர இரண்டு எண்கள் இருக்கும். முழு எண்ணாக இருப்பது அணு எண். அது உட்கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை. நடுநிலை அணுவில் எலக்ட்ரான்களும் அதே எண்ணிக்கையில் இருக்கும். தசமப் புள்ளியோடு இருப்பது சராசரி அணு நிறை. நிறை எண்ணிலிருந்து (புரோட்டான், நியூட்ரான் எண்ணிக்கைகளின் கூட்டுத்தொகை) அணு எண்ணைக் கழித்தால் நியூட்ரான் எண்ணிக்கை கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அட்டவணையில் உள்ளது நிறை எண் அன்று. குளோரினின் 35.45-இலிருந்து 17-ஐக் கழித்துப் பதினெட்டே சொச்சம் நியூட்ரான்கள் என்று எழுதுவது பொருளற்றது. நிறை எண் 35 உடைய ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் வேறு நிறை கொண்ட அணு வகை) ஏறத்தாழ முக்கால் பங்கும், 37 உடையது கால் பங்கும் இயற்கையில் கலந்திருப்பதால்தான் அந்தச் சராசரி வருகிறது. பிணைப்பைப் பொறுத்தவரை நியூட்ரான்களை நாம் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை.

அணு எண்ணுக்கு இத்தனை முதன்மை ஏன் என்பதை டெல்லூரியமும் அயோடினும் காட்டுகின்றன. 1869-இல் ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் தனிமங்களை அணு நிறையின் ஏறுவரிசையில் அடுக்கினார். டெல்லூரியத்தின் நிறை 127.60, அயோடினின் நிறை 126.90, நிறையை மட்டும் பார்த்தால் அயோடின் முன்னே வர வேண்டும். ஆனால் அயோடின் குளோரினையும் புரோமினையும் போல நடந்துகொள்கிறது என்பதால், மெண்டலீவ் பண்புகளுக்கு முன்னுரிமை தந்து டெல்லூரியத்தை முன்னே வைத்தார். 1913-இல் ஆங்கிலேய இயற்பியலாளர் மோஸ்லி, தனிமங்கள் வெளியிடும் எக்ஸ் கதிர்களின் அதிர்வெண்ணிலிருந்து அணு எண்ணைக் கண்டறியும் வழியை நிறுவிய பிறகு அந்த வரிசைக்குக் காரணம் தெளிவாயிற்று: டெல்லூரியம் 52, அயோடின் 53.

எலக்ட்ரான்களை நிரப்புதல்

உட்கருவிலிருந்து எண்ணும்போது முதல் நான்கு கூடுகள் முறையே 2, 8, 18, 32 எலக்ட்ரான்கள் வரை ஏற்கும். இந்த எண்களை மட்டும் நம்பினால் பொட்டாசியத்தில் தவறு நேரும். அதன் 19 எலக்ட்ரான்களை 2, 8, 9 என்று எழுதத் தோன்றும். சரியான அமைப்பு 2, 8, 8, 1. மூன்றாம் கூட்டில் இன்னும் இடம் இருந்தும் கடைசி எலக்ட்ரான் நான்காம் கூட்டுக்குச் செல்வதற்குக் காரணம், பொட்டாசியத்தில் 4எஸ் துணைக்கூட்டின் (கூட்டின் உட்பிரிவு) ஆற்றல் 3டி துணைக்கூட்டைவிடக் குறைவு என்பதே. எனவே 1எஸ், 2எஸ், 2பி, 3எஸ், 3பி, 4எஸ், 3டி, 4பி என்ற வரிசையில், எஸ்-க்கு 2, பி-க்கு 6, டி-க்கு 10 என்ற உச்ச வரம்போடு நிரப்பிச் செல்லுங்கள். கந்தகத்தின் 16 எலக்ட்ரான்கள் 2, 2, 6, 2, 4 என்று பிரியும்; கடைசிக் கூடான மூன்றாவதில் 3எஸ்-இல் 2, 3பி-இல் 4, ஆக 6 இணைதிற எலக்ட்ரான்கள்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. குரோமியமும் தாமிரமும் 4எஸ்-இல் ஓர் எலக்ட்ரானை மட்டுமே வைத்துக்கொண்டு, 3டி-இல் முறையே 5, 10 எலக்ட்ரான்களைக் கொண்டிருக்கின்றன. மேலும், நிரப்பும் வரிசையும் நீக்கும் வரிசையும் ஒன்றல்ல. இரும்பு எலக்ட்ரான்களை இழந்து அயனியாகும்போது 4எஸ் எலக்ட்ரான்கள் இரண்டும்தான் முதலில் வெளியேறும். இருநேர்மின் இரும்பு அயனியில் 3டி-இல் 6 எலக்ட்ரான்களும், மூன்று நேர்மின்சுமை உடையதில் 5 எலக்ட்ரான்களும் எஞ்சும்.

குறுக்குவழி: தொகுதி எண்

முழு அமைப்பையும் ஒவ்வொரு முறையும் எழுத வேண்டியதில்லை. 1, 2 தொகுதிகளில் தொகுதி எண்ணே இணைதிற எலக்ட்ரான்களின் எண்ணிக்கை. 13 முதல் 18 வரையிலான தொகுதிகளில் தொகுதி எண்ணிலிருந்து 10-ஐக் கழிக்க வேண்டும். கிடையாக எண்ணப்படும் வரிசையின் எண், வெளிக்கூடு எத்தனையாவது என்பதைச் சொல்லும். செலினியம் நான்காம் வரிசையில் 16-ஆம் தொகுதியில் இருக்கிறது என்று தெரிந்தாலே, நான்காம் கூட்டில் 6 எலக்ட்ரான்கள் என்று எழுதிவிடலாம். ஹீலியம் மட்டும் விலக்கு: 18-ஆம் தொகுதியில் இருந்தாலும் அதனிடம் இருப்பவை இரண்டே எலக்ட்ரான்கள். 3 முதல் 12 வரையிலான தொகுதிகளில் உள்ள இடைநிலைத் தனிமங்களுக்கு இந்தக் குறுக்குவழியைப் பயன்படுத்தாதீர்கள்.

கொடுப்பதா, பகிர்வதா

எலக்ட்ரான் கவர்தன்மை வேறுபாடு 1.7-ஐத் தாண்டினால் அயனிப் பிணைப்பு (எலக்ட்ரானைக் கொடுத்துப் பெறுவது), குறைந்தால் சகப்பிணைப்பு (பகிர்வது) என்ற விதியைப் பலரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். இதைத் தனியாக நம்பக் கூடாது என்பது என் கருத்து. ஹைட்ரஜன் ஃபுளோரைடில் வேறுபாடு 3.98-க்கும் 2.20-க்கும் இடைப்பட்ட 1.78, ஆயினும் அது முனைவுற்ற சகப்பிணைப்பு மூலக்கூறு. சோடியம் ஹைட்ரைடில் வேறுபாடு 1.27 மட்டுமே, ஆனால் அது அயனித் திண்மம். ஆகவே, இணைபவை உலோகமும் அலோகமுமா, இரண்டும் அலோகங்களா என்பதை முதலில் பாருங்கள். வேறுபாட்டின் அளவைத் துணைச் சான்றாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் உலோகங்கள் என்றால், இணைதிற எலக்ட்ரான்களைப் புள்ளிகளாகக் காட்டும் புள்ளி வரைபடம் பயன்படாது. உலோகப் பிணைப்பில் எலக்ட்ரான்கள் எந்த இரு அணுக்களுக்கும் உரியவையாக நிற்பதில்லை.

அயனிச் சேர்மம் என்று முடிவானால், நடுவில் கோடு போடக் கூடாது. உலோக அயனியை வெளிக்கூடு எலக்ட்ரான்கள் இல்லாமலும், அலோக அயனியை எட்டுப் புள்ளிகளோடு அடைப்புக்குறிக்குள்ளும் எழுதி, மின்சுமைகளை மேலே குறிக்க வேண்டும். அலுமினியம் மூன்று எலக்ட்ரான்களைக் கொடுக்கிறது, ஆக்சிஜன் இரண்டை ஏற்கிறது. கொடுத்ததும் பெற்றதும் ஆறில்தான் முதன்முதலாகச் சமமாகின்றன என்பதால் இரண்டு அலுமினியம் அயனிகளும் மூன்று ஆக்சைடு அயனிகளும் தேவை.

சோடியம் தன் எலக்ட்ரானை விருப்பத்தோடு கொடுத்துவிடுகிறது என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. உண்மையில் ஒரு மோல் வாயுநிலைச் சோடியம் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரிக்க ஏறத்தாழ 496 கிலோஜூல் செலவிட வேண்டும். ஒரு மோல் குளோரின் அணுக்கள் அவற்றை ஏற்கும்போது திரும்பக் கிடைப்பது 349 கிலோஜூல் மட்டுமே. இதுவரை பார்த்தால் நட்டம்தான். அயனிகள் ஒன்றுகூடிப் படிகமாகும்போது, ஒவ்வொன்றையும் அதற்கு மாறான மின்சுமை கொண்ட ஆறு அயனிகள் சூழ்ந்துகொள்வதால், மோலுக்கு ஏறத்தாழ 787 கிலோஜூல் படிகக்கூடு ஆற்றல் வெளிப்படுகிறது. அதுவே நட்டத்தை ஈடுகட்டி மிச்சமும் வைக்கிறது.

சகப்பிணைப்பை வரைதல்

கார்பன் டைஆக்சைடில் தொடங்குவோம். கார்பனுக்கு 4, இரண்டு ஆக்சிஜன்களுக்கு 12, ஆக மொத்தம் 16. இந்த எண்ணை ஓரத்தில் எழுதிவையுங்கள். எலக்ட்ரான் கவர்தன்மை குறைந்த அணு பொதுவாக நடுவில் அமரும். ஹைட்ரஜன் மட்டும் ஒருபோதும் நடுவணுவாகாது. எனவே கார்பனை நடுவில் வைத்து, இருபுறமும் ஒற்றைக் கோடு போட்டால், கோட்டுக்கு 2 என 4 எலக்ட்ரான்கள் செலவாகின்றன. எஞ்சிய 12-ஐ வெளி அணுக்களுக்கு முதலில் பங்கிட வேண்டும். ஒவ்வோர் ஆக்சிஜனுக்கும் மூன்று தனித்த இரட்டைகள் (பிணைப்பில் பங்குபெறாத எலக்ட்ரான் இணைகள்) கிடைக்கின்றன. கையிருப்பு தீர்ந்துவிட்டது; கார்பனைச் சுற்றி நான்கே எலக்ட்ரான்கள் உள்ளன. இந்த நிலையில் புதிய எலக்ட்ரான்களைச் சேர்ப்பதுதான் வழக்கமான பிழை. சேர்க்க நம்மிடம் எதுவும் இல்லை. ஒவ்வோர் ஆக்சிஜனிலிருந்தும் ஒரு தனித்த இரட்டையைப் பிணைப்பு இரட்டையாக நகர்த்த மட்டுமே முடியும். அவ்வாறு நகர்த்தியதும் இரண்டு இரட்டைப் பிணைப்புகள் உருவாகி, மூன்று அணுக்களுக்கும் எட்டு எலக்ட்ரான்கள் நிறைவாகின்றன.

ஒரே ஆக்சிஜனிலிருந்து இரண்டு இரட்டைகளையும் நகர்த்தி, ஒருபுறம் முப்பிணைப்பு, மறுபுறம் ஒற்றைப் பிணைப்பு என்று வரைந்தாலும், ஒவ்வோர் அணுவைச் சுற்றியும் எட்டு எலக்ட்ரான்கள் வேண்டும் என்ற எண்ம விதி நிறைவேறும். எதை ஏற்பது என்பதை முறைசார் மின்சுமை தீர்மானிக்கிறது: அணுவின் இணைதிற எலக்ட்ரான்களிலிருந்து, அதன் தனித்த எலக்ட்ரான்கள் அனைத்தையும், பிணைப்பு எலக்ட்ரான்களில் பாதியையும் கழிக்க வேண்டும். முப்பிணைப்பு கொண்ட ஆக்சிஜனுக்கு 6 − 2 − 3 = +1, ஒற்றைப் பிணைப்பு கொண்டதற்கு 6 − 6 − 1 = −1. இரட்டைப் பிணைப்புகள் கொண்ட வடிவத்தில் எல்லா அணுக்களுக்கும் சுழி வருவதால் அதுவே ஏற்புடையது.

இனி நைட்ரேட் அயனி. நைட்ரஜனுக்கு 5, மூன்று ஆக்சிஜன்களுக்கு 18, எதிர்மின்சுமைக்காக 1, மொத்தம் 24. நேரயனியாக இருந்தால் மின்சுமைக்கு ஏற்பக் கழிக்க வேண்டும்; அம்மோனியம் அயனிக்கு 5 + 4 − 1 = 8. நைட்ரேட்டில் மூன்று ஒற்றைக் கோடுகளுக்கு 6, ஆக்சிஜன்களின் தனித்த இரட்டைகளுக்கு 18 போனதும் 24-ம் தீர்ந்துவிடும். நைட்ரஜனைச் சுற்றி இருப்பவை ஆறு; ஓர் ஆக்சிஜனின் தனித்த இரட்டை ஒன்றை நகர்த்தினால் எட்டு ஆகும். இத்துடன் நிறுத்த வேண்டும். மின்சுமைகளைக் குறைக்கும் ஆசையில் இரண்டாவது இரட்டைப் பிணைப்பையும் போட்டால் நைட்ரஜனைச் சுற்றிப் பத்து எலக்ட்ரான்கள் வரும். இரண்டாம் வரிசைத் தனிமத்தின் வெளிக்கூட்டில் எட்டுக்கு மேல் இடமில்லை. முறைசார் மின்சுமைகள் நைட்ரஜனில் +1, ஒற்றைப் பிணைப்பு கொண்ட இரு ஆக்சிஜன்களில் தலா −1, இரட்டைப் பிணைப்பு கொண்டதில் 0. கூட்டினால் −1, அதாவது அயனியின் மின்சுமையே வருகிறது. இந்தக் கூட்டல் பொருந்தவில்லை என்றால் வரைபடத்தில் எங்கோ ஒரு புள்ளி கூடியோ குறைந்தோ இருக்கிறது என்று உறுதியாகக் கொள்ளலாம்.

இரட்டைப் பிணைப்பை எந்த ஆக்சிஜனோடு போடுவது? மூன்றில் எதனோடும் போடலாம் என்பதால் மூன்று வடிவங்களையும் வரைந்து, அவற்றுக்கிடையே இருமுனை அம்புக்குறி இடவேண்டும். அயனி இந்த வடிவங்களுக்குள் மாறி மாறித் தாவுகிறது என்று பொருளில்லை. அளந்து பார்த்தால் மூன்று பிணைப்புகளும் ஏறத்தாழ 124 பிக்கோமீட்டர் என்ற ஒரே நீளத்தில் இருக்கின்றன. மூன்று வடிவங்களும் சேர்ந்து உணர்த்துவது அந்த ஒரே அமைப்பைத்தான். இதையே உடனிசைவு என்கிறோம்.

எண்ம விதி பொருந்தாத இடங்கள்

போரான் ட்ரைஃபுளோரைடில் போரானைச் சுற்றி ஆறு எலக்ட்ரான்களே உண்டு; அதனால்தான் அம்மோனியா தன் தனித்த இரட்டையை அதற்குக் கொடுத்து ஈதல் சகப்பிணைப்பை உருவாக்க முடிகிறது. மூன்றாம் வரிசையிலும் அதற்குக் கீழும் உள்ள தனிமங்கள் நடுவணுவாகும்போது எட்டைத் தாண்டிய வரைபடங்கள் வரலாம். கந்தக ஹெக்சாஃபுளோரைடில் கந்தகத்தைச் சுற்றிப் பன்னிரண்டு எலக்ட்ரான்களைக் காட்டுகிறோம். நைட்ரிக் ஆக்சைடில் மொத்தமே 11 இணைதிற எலக்ட்ரான்கள் என்பதால் ஒன்று இணையின்றி நிற்பதைத் தவிர்க்க முடியாது. அங்கே பிழை தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஆக்சிஜன் மூலக்கூற்றின் சிக்கல் வேறு வகையானது. 1916-இல் அமெரிக்க வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ் முன்வைத்த எலக்ட்ரான் இரட்டைக் கருத்தின்படி அதன் 12 இணைதிற எலக்ட்ரான்களைப் பங்கிட்டால் ஒரு குறையும் இல்லாத இரட்டைப் பிணைப்பு வரும், எல்லா எலக்ட்ரான்களும் இணை சேர்ந்திருக்கும். ஆனால் திரவ ஆக்சிஜன் வலிமையான காந்தத்தின் முனைகளுக்கிடையே ஈர்க்கப்பட்டு நிற்கிறது. அதற்கு இணையற்ற எலக்ட்ரான்கள் இருந்தாக வேண்டும். அந்த இரண்டு எலக்ட்ரான்களையும் காட்டுவதற்கு, எலக்ட்ரான்கள் மூலக்கூறு முழுவதற்கும் உரியவை என்று கொள்ளும் மூலக்கூறு ஆர்பிட்டால் கொள்கையின் ஆற்றல் மட்ட வரைபடத்தைத்தான் வரைய வேண்டும்.