தேத்தண்ணீரில் அரைக் கரண்டி

எங்கள் கொக்குவில் வீட்டில் யாராவது வந்தால் கதிரையைக் காட்டுவதற்கு முன்பே கேத்தில் அடுப்பில் ஏறிவிடும். நாளுக்கு நான்கு தேத்தண்ணீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி என்று வையுங்கள். ஒரு கரண்டி ஏறத்தாழ 4 கிராம். நாளுக்கு 32 கிராம், வருடத்துக்குப் பதினொன்றரைக் கிலோவுக்கு மேல்! உலக சுகாதார நிறுவனம் நல்லது என்று சொல்லும் அளவு நாளுக்குச் சுமார் 25 கிராமுக்கும் குறைவு. வடையோடு வரும் கேசரியை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவேயில்லை.

ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். நிறுத்துகிறவர்கள் மூன்றாம் நாளே சீனிப் போத்தலைத் தேடுவார்கள். முதலில் அரைக் கரண்டியை மட்டும் குறையுங்கள். கரண்டியைக் குவித்து அள்ளாமல், போத்தல் விளிம்பில் வழித்து மட்டமாக எடுங்கள். குவித்த கரண்டியில்தான் கணக்கு களவு போகிறது. நாக்கு பழகிய பின் அடுத்த அரை. சாயத்தைக் கடுமையாக்காமல் இஞ்சி தட்டிப் போட்டால் குறைவு தெரியாது.

வெறுந்தேத்தண்ணீருக்குப் பனங்கட்டி கடிப்பவர்கள், அது அடைத்து வரும் ஓலைக் குட்டானைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். சிறு துண்டொன்றை உடைத்து எடுத்துவிட்டு, மிச்சத்தை அலுமாரிக்குள் வையுங்கள். பனையிலிருந்து வந்தாலும் அதுவும் சீனிதான். இதைச் சொன்னால் என் மாமி இன்னும் முகம் சுளிப்பார்.

உறவினர் வீட்டில்தான் சிக்கல். கோப்பை கைக்கு வந்தபின் மறுக்க முடியாது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “அக்கா, எனக்குச் சீனி அரைக் கரண்டி போதும்” என்று சொல்லிவிடுங்கள்.