குழாய்த் தண்ணீர் கெட்டுப்போனால் தெருவுக்கு எப்படிச் சொல்வது

குடிநீர்ப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். சேலத்தில் குடிநீர் அறிவிப்புகளை எழுதிக் கொடுத்தே என் சர்வீஸ் ஓடியது.

தெருவின் பெயரைப் போடுங்கள். ‘சில பகுதிகளில்’ என்றால் அம்மாபேட்டைக்காரர் அதைச் செவ்வாய்ப்பேட்டைக்கு என்று நினைத்துக்கொள்வார்.

அப்புறம் காரணம். மேட்டூர்த் தண்ணீர் நமக்கு முறை வைத்துத்தான் வருகிறது. வால்வை மூடியதும் குழாயில் அழுத்தம் குறையும். விரிசல் இருந்தால் பக்கத்துச் சாக்கடை உள்ளே இறங்கும். வீட்டில் மோட்டார் போட்டு உறிஞ்சினால் இன்னும் மோசம். ‘தொழில்நுட்பக் காரணங்களால்’ என்று மழுப்பாமல் ‘சாக்கடை கலந்திருக்கிறது’ என்றே எழுதுங்கள். ஜனங்கள் பயந்துவிடுவார்கள் என்று மேலே இருப்பவர்கள் சொல்வார்கள். பயந்தால்தான் என்ன? குழந்தைக்கு அந்தத் தண்ணீரைக் கொடுக்க மாட்டார்களே!

என்ன செய்ய வேண்டும் என்பதைச் சமையலறைக் கணக்கில் சொல்லுங்கள். தளதளவென்று கொதித்த பிறகும் ஒரு நிமிடம் அடுப்பில் இருக்கட்டும். பால் பவுடர் கரைக்க, பல் துலக்க, காய் கழுவ எல்லாவற்றுக்கும் காய்ச்சிய தண்ணீர்தான். நேற்றுப் பிடித்து வைத்த குடத்தைப் பற்றியும் சொல்லுங்கள்; எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான்.

ஆனால் எல்லாவற்றுக்கும் ‘காய்ச்சிக் குடியுங்கள்’ என்று எழுதக் கூடாது. போர் தண்ணீரில் ஃப்ளூரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் காய்ச்சுவதால் அது போகாது; தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு ஏறத்தான் செய்யும். அங்கே ‘இந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம், லாரி இத்தனை மணிக்கு வரும்’ என்றுதான் சொல்ல வேண்டும்.

மைக் கட்டிய ஆட்டோவை மட்டும் நம்பாதீர்கள். தறிச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாது. பட்டறைக்குள் போய் நேரில் சொல்லுங்கள். தண்ணீர் திறந்துவிடுகிறவரிடம் எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிடுங்கள். தெரு அவரைத்தான் மறித்துக் கேட்கும்.

சரிசெய்த பிறகு, கடைசி வீட்டுக் குழாயில் தெருக்காரர்கள் முன்னிலையில் குளோரின் பாருங்கள். சொட்டு மருந்து விட்டதும் மஞ்சள் ஏற வேண்டும், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். அது இருந்தாலும் உடனே ‘குடிக்கலாம்’ என்று அறிவிக்காதீர்கள். கிருமிப் பரிசோதனைக்கு ஒன்றிரண்டு நாள் ஆகும். முடிவு கைக்கு வரும்வரை ‘இன்னும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்’ என்று தினமும் ஆட்டோ போகட்டும்.