டிக்கன்ஸ் வாசகர் கூட்டங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் இறந்தது 1870இல். அவரைப் படிப்பவர்கள் ஒன்றுகூடிப் பேசுவதற்கென்றே டிக்கன்ஸ் ஃபெலோஷிப் என்ற அமைப்பு 1902இல் லண்டனில் தொடங்கியது. இன்றும் பல நாடுகளில் அதற்குக் கிளைகள் உண்டு. அதில் சேராமல் நூலகத்திலோ யாராவது ஒருவர் வீட்டிலோ கூடுகிற சிறு குழுக்களும் இருக்கின்றன. இப்படிக் கூடுகிறவர்கள் சிலர் வருடக்கணக்கில் தொடர்கிறார்கள், சிலர் மூன்றாவது மாதமே கலைந்துவிடுகிறார்கள். கலைந்துபோவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் என்பது என் எண்ணம். டிக்கன்ஸைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், அவர் எழுதிய வரி ஒன்றுகூட யார் காதிலும் விழுவதில்லை.

முதலில் அவசரத்தைச் சொல்ல வேண்டும். 'அடுத்த மாதம் பிளீக் ஹவுஸ், எல்லோரும் முடித்துவிட்டு வாருங்கள்' என்று அறிவித்தால் பாதிப் பேர் வர மாட்டார்கள். வருகிறவர்களிலும் பாதிப் பேர் கதைச்சுருக்கத்தைப் படித்துவிட்டு வருவார்கள். அந்த நாவல் அப்படிப் படிப்பதற்காக எழுதப்படவே இல்லை. 1852 மார்ச் முதல் 1853 செப்டம்பர் வரை, மாதம் ஒன்றாக 19 இதழ்களில் வந்தது. ஒவ்வொன்றும் 32 பக்கம், விலை ஒரு ஷில்லிங். கடைசி மட்டும் இரட்டை இதழ். கல்கியில் தொடர்கதை வாசித்துவிட்டு அடுத்த வாரத்துக்காகக் காத்திருந்த வீடுகளுக்கு இந்த ருசி புதிதல்ல. ஆகவே ஒரு கூட்டத்துக்கு ஓர் இதழ், அதாவது மூன்று நான்கு அத்தியாயங்கள் போதும். 'இனி என்ன ஆகும்?' என்று ஊகிப்பதிலேயே அரை மணி நேரம் நன்றாகப் போகும். ஒன்றரை வருடம் நீளம் என்று தோன்றினால் ஹார்ட் டைம்ஸ் எடுத்துக்கொள்ளலாம், சிறியது.

அடுத்தது எனக்கு மிக வருத்தம் தரும் தவறு: யாரும் சத்தமாக வாசிக்காமல் இருப்பது. தன் எழுத்தை மேடையில் வாசித்துக் காட்டுவதில் டிக்கன்ஸுக்கு அப்படி ஓர் ஆசை. 1853 டிசம்பரில் பர்மிங்ஹாமில் நன்கொடைக்காக எ கிறிஸ்மஸ் கரோல் வாசித்தார். அதில் ஓர் இரவு தொழிலாளிகளுக்கென்று குறைந்த கட்டணத்தில் நடக்க வேண்டும் என்று அவரே கேட்டுக்கொண்டார். 1858இலிருந்து அதையே தொழிலாகவும் நடத்தினார். 1870 மார்ச்சில், சாவதற்கு மூன்று மாதம் முன்புதான் கடைசி வாசிப்பு. இதில் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் நாவலை அப்படியே எடுத்து வாசிக்கவில்லை. தனிப் பிரதி தயாரித்து, வரிகளை வெட்டி, எங்கே குரலை மாற்ற வேண்டும் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டார். நாமும் அதைச் செய்யலாம். பத்து நிமிடத்துக்குள் அடங்கும் ஒரு பகுதியை எடுத்து, தேவையில்லாததை வெட்டி, வீட்டில் இரண்டு தடவை வாசித்துப் பார்த்துவிட்டு வர வேண்டும். உரையாடல் இருந்தால் இரண்டு மூன்று பேராகப் பிரித்துக்கொள்ளலாம். நடிக்கத் தெரிந்த ஒருவரிடமே எப்போதும் புத்தகத்தைக் கொடுத்துவிடாதீர்கள். கூச்சத்தோடு வாசிப்பவரிடமும் டேவிட் காப்பர்ஃபீல்ட் நாவலில் வரும் மிக்காபரின் வசனம் சிரிக்க வைக்கும். அப்புறம், மரணக் காட்சிகளாகவே தேர்ந்தெடுக்க வேண்டாம். அவருடைய பெரிய பலம் நகைச்சுவை.

பேச்சாளரை அழைத்தால் பிறப்பு முதல் இறப்பு வரை சொல்லச் சொல்லாதீர்கள். 1812இல் போர்ட்ஸ்மவுத்தில் பிறந்தார், பன்னிரண்டு வயதில் ஷூ பாலிஷ் கம்பெனியில் வேலை, கடனுக்காக அப்பா மார்ஷல்சீ சிறையில் என்பதெல்லாம் வந்திருப்பவர்களுக்கு மனப்பாடம். ஒரே ஒரு கேள்வியைக் கொடுங்கள். உதாரணமாக, கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ் நாவலுக்கு அவர் முதலில் எழுதிய முடிவில் நாயகன் பிப்பும் அவன் காதலிக்கும் எஸ்டெல்லாவும் பிரிந்தே போகிறார்கள். நண்பர் புல்வர் லிட்டன் சொன்னதைக் கேட்டு அதை மாற்றினார். பழைய முடிவு, பின்னால் ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் வெளியானது. இரண்டையும் வாசித்து, எது சரி என்று கேட்டுப் பாருங்கள். பேசாதவர்களும் பேசுவார்கள்.

அபிமானத்தால் அவருடைய குறைகளை மறைப்பதும் தவறு. ஆலிவர் ட்விஸ்ட் நாவலில் சிறுவர்களைத் திருட வைக்கும் ஃபேகின் என்ற யூதனைச் சித்திரித்த விதம் தன் மக்களுக்கு எதிரான வெறுப்பை வளர்க்கிறது என்று எலைசா டேவிஸ் என்ற யூதப் பெண்மணி 1863இல் அவருக்குக் கடிதம் எழுதினார். டிக்கன்ஸ் முதலில் தன்னை நியாயப்படுத்திக்கொண்டார். பிறகு 'அவர் மியூச்சுவல் ஃபிரெண்ட்' (Our Mutual Friend) நாவலில் ரையா என்ற நல்ல யூதரைப் படைத்தார். 1867 பதிப்பில் ஃபேகினை 'யூதன்' என்று சுட்டும் இடங்கள் பலவற்றை நீக்கவும் செய்தார். இந்தியர்களுக்கு இன்னொன்று வலிக்கும். 1857 கிளர்ச்சியின்போது, தான் படைத்தலைவனாக இருந்தால் அந்த இனத்தையே ஒழித்துவிட முயல்வேன் என்று ஒரு கடிதத்தில் எழுதியவர் இவர். ஏழைக் குழந்தைக்காக அழுத அதே கைதான் இதையும் எழுதியது. இதை மேசைமேல் வைத்துப் பேசலாம், பேச வேண்டும். ஆனால் அந்த ஒன்றைக்கொண்டே எல்லா நாவல்களுக்கும் தீர்ப்பு எழுதிவிட்டால் படிப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

சின்னத் தவறுகளும் உண்டு. முதல் தடவை படிப்பவர் முன்னால் பிப்புக்குப் பணம் கொடுத்தது யார் என்று உளறிவிடக் கூடாது. திரைப்படம் பார்த்ததைப் படித்ததாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது. டிசம்பரில் மட்டும் அவரை நினைத்துக்கொள்வதும் சரியல்ல. இங்கிலாந்தில் ராச்செஸ்டர், பிராட்ஸ்டேர்ஸ் ஊர்களின் டிக்கன்ஸ் விழாக்களில் விக்டோரியா கால உடையில் ஊர்வலம் போவது அழகுதான். ஆனால் சாதாரணச் சட்டையில் வந்தவரை வேறு மாதிரி பார்க்கும் கூட்டத்துக்கு அவர் மறுபடி வர மாட்டார்.

விளையாடப் பயப்படுவதையும் விட்டுவிட வேண்டும். டிக்கன்ஸ் முடிக்காமல் போன எட்வின் ட்ரூட் நாவலை வைத்து, 1914 ஜனவரியில் ஃபெலோஷிப்காரர்கள் லண்டனில் ஒரு நீதிமன்றமே நடத்தினார்கள். சகோதரி மகன் எட்வினைக் கொன்றதாக, நாவலில் வரும் ஜான் ஜாஸ்பர் கூண்டில் நின்றார். நீதிபதி எழுத்தாளர் செஸ்டர்டன், ஜூரித் தலைவர் நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா. கொலை அல்ல, கொலையாகாத மரணம் விளைவித்தல் என்று ஜூரி சொல்ல, செஸ்டர்டனோ தன்னைத் தவிர எல்லோருமே நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளிகள் என்று முடித்தார். உங்கள் குழுவிலும் இதைச் செய்யலாம். திட்டமிட்ட 12 பகுதிகளில் வெளிவந்தவை ஆறுதான். ஆறு கூட்டங்களில் படித்து முடித்து, ஏழாவதில் வழக்கை வைத்துக்கொள்ளுங்கள்.