செங்கோட்டையிலிருந்து அச்சன்கோவில் வரை: கிராவல் சைக்கிளில் முதல் மூன்று சவாரி

மலை என்றதும் புதிதாக வருகிறவர்களுக்கு ஏத்தத்தை நினைத்துத்தான் பயம். ஏத்தத்தில் மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளிக்கொள்ளலாம், கௌரவம் ஒன்றும் போய்விடாது. அடிபடுவது இறக்கத்தில். டயரில் காற்று கூடுதலாக இருக்கும், பிரேக் பிடிக்கிற இடம் தப்பியிருக்கும். பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம். அதனால் முதலில் வண்டி, அடுத்து காற்று, பிறகு பிரேக். காட்டுக்குள் போவது அதற்குப் பிறகுதான்.

படி 1: வண்டி

கிராவல் பைக் (சரளைப் பாதைக்கான சைக்கிள்) இல்லையே என்று நிற்க வேண்டாம். 700×38 அளவு (38 மில்லிமீட்டர் அகல) டயர் உரசாமல் ஓடுகிற ஹைபிரிட் வண்டி போதும். டயருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே இருபுறமும் 5 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் மழை நாளில் கேரளப் பக்கத்துச் செம்மண் அப்பி சக்கரம் சுற்றாது. கியரைச் சரிபார்க்க ஒரே கணக்கு: முன்னால் உள்ள சின்ன பல்சக்கரத்தின் பற்களைவிட, பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தில் பற்கள் கூடவோ சமமாகவோ இருக்க வேண்டும். முன்னால் 40, பின்னால் 42 என்றால் நல்லது.

டிஸ்க் பிரேக் இருந்தால், டிஸ்க்கைக் கவ்வுகிற பேடைக் கழற்றிப் பாருங்கள். இரும்புத் தகட்டின் மேல் உள்ள பொருள் 1 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சாரல் காலத்தில் ரெசின் பேடு சீக்கிரம் கரையும். உலோகத்தூள் பேடு கொஞ்சம் சத்தம் போடும், ஆனால் தாங்கும்.

படி 2: காற்று

டயரைக் கட்டைவிரலால் அழுத்தி, கல் மாதிரி இருந்தால் திருப்தியாகக் கிளம்புவது தார் ரோட்டுப் பழக்கம். சரளையில் அந்த டயர் ஒவ்வொரு கல்லின் மேலும் துள்ளும். துள்ளுகிற நேரத்தில் டயர் தரையைத் தொடுவதில்லை. தரையைத் தொடாத சக்கரம் பிரேக்குக்கும் நிற்காது, திருப்பத்துக்கும் திரும்பாது.

65 கிலோ எடை உள்ளவர், 40 மில்லிமீட்டர் டயர், உள்ளே டியூப்: முன்னால் 38, பின்னால் 42 பிஎஸ்ஐயில் (காற்றழுத்த அளவு) ஆரம்பியுங்கள். டியூப்லெஸ் என்றால் 32, 36 போதும். எடை 5 கிலோ கூடினால் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ கூட்டுங்கள். டயர் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எல்லையைத் தாண்டக் கூடாது.

குறைத்தாலும் ஆபத்து உண்டு. டியூப் உள்ள டயரில் காற்று கம்மியாக இருந்து கூர்மையான கல்லில் மோதினால், டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கும். கழற்றிப் பார்த்தால் பக்கம் பக்கமாக இரண்டு கீறல், பாம்பு கடித்த மாதிரி. ஒற்றை ஓட்டை என்றால் முள் அல்லது கம்பி. இரட்டைக் கீறல் என்றால் காற்றை 4 பிஎஸ்ஐ கூட்ட வேண்டும் என்று அர்த்தம்.

டியூப்லெஸ் டயருக்கு ஒவ்வொன்றிலும் 60 முதல் 90 மில்லி சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்). நம் ஊர் வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். தளும்புகிற சத்தம் கேட்கவில்லை என்றால் ஊற்றுகிற நேரம் வந்துவிட்டது.

படி 3: முதல் சவாரி, குளத்துக்கரையில்

செங்கோட்டையைச் சுற்றிக் குளத்துக்கரை மண் பாதைகள் நிறைய. வண்டி நடமாட்டம் இல்லாத ஒரு நேர் பாதையைப் பிடியுங்கள். ஒரு கல்லை அடையாளமாக வைத்து, 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, கல்லைத் தாண்டியதும் பிரேக் பிடியுங்கள்.

முதல் தடவை பின்பிரேக் மட்டும். சக்கரம் பூட்டிக்கொண்டு கோடு கிழிக்கும், வண்டி நிற்காது. அடுத்து இரண்டையும் சேர்த்து, முன்பிரேக்கை ஒரே விரலால் மெதுவாக அழுத்துங்கள். இடுப்பை சீட்டுக்குப் பின்னால் தள்ளி, முழங்கையை மடக்கி, பெடல்கள் இரண்டும் தரைக்கு இணையாக இருக்கட்டும். நிற்கிற தூரம் எவ்வளவு குறைகிறது என்பது மண்ணில் விழும் தடத்திலேயே தெரியும். பத்துத் தடவை செய்தால் கை பழகிவிடும். இதைச் செய்யாமல் புளியரை இறக்கத்துக்குப் போகாதீர்கள்.

கை பழகியதும் பண்பொழி, மேக்கரை வழியாக அடவிநயினார் அணைப்பக்கம் போய்வரலாம். திருமலைக்கோவில் குன்று கண்ணில் படும்வரை வழி தப்பாது. ஆனால் மலையடிவாரக் காட்டுக்குள் பிரியும் தடங்களில் நுழையாதீர்கள். அது நெல்லை வனவிலங்கு சரணாலயத்தின் பக்கம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் சரணாலயத்துக்குள் போவது குற்றம். சைக்கிள்தானே என்று விட மாட்டார்கள்.

படி 4: ஆரியங்காவு கணவாய் வழியாகத் தென்மலை

போக மட்டும் சுமார் 30 கிலோமீட்டர், முழுக்கத் தார். சரளைக்கான பாடம் இது இல்லை, இறக்கத்துக்கும் லாரிக்குமான பாடம். விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். புளியரை எஸ் வளைவில் பாரம் ஏற்றிய லாரிகள் அகலமாகத் திரும்பும். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே சரளை ஓரத்தில் ஒதுங்கும்போது முன்சக்கரத்தைத் திடீரென்று ஒடிக்காதீர்கள், சாய்வாக இறக்குங்கள்.

ஆடி மாதம் என்றால் இன்னொரு கணக்கு உண்டு. அம்மியை நகர்த்துகிற அந்தக் காற்று இந்தக் கணவாய் வழியாகத்தான் கிழக்கே பாய்கிறது. போகும்போது எதிர்க்காற்று, வரும்போது தள்ளிவிடும். பாதித் தெம்பைத் திரும்பி வருவதற்கு மிச்சம் வைக்கிற வழக்கமான கணக்கு அன்றைக்கு வேண்டியதில்லை.

கோட்டைவாசல் தாண்டியதும் காடு மாறும், ரோடும் மாறும். நிழல் விழும் வளைவுகளில் தார் மேல் பாசி படர்ந்திருக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் திரும்புங்கள். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் டிஸ்க் சூடேறிப் பிடி குறையும். இரண்டு விநாடி அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்த வேண்டும்.

கழுதுருட்டிக்குப் பக்கத்தில் ஆற்றோரம் 1904-இல் திறந்த ரயில் பாதையின் பதிமூன்று கண் பாலம் நிற்கிறது. நிறுத்திப் பார்ப்பதென்றால் ரோட்டை விட்டு முழுசாக இறங்கி நிறுத்துங்கள். தென்மலையில் செந்துருணி சரணாலயம் (1984) தொடங்குகிறது. உள் தடங்களுக்கு வனத்துறை அனுமதி வேண்டும். திரும்பி வந்து பிரானூர் பார்டரில் புரோட்டாவைப் பிய்த்துக்கொள்ளலாம். போகும்போதே சாப்பிட்டால் ஏத்தத்தில் வருந்துவீர்கள்.

படி 5: அச்சன்கோவில்

பண்பொழி, மேக்கரை வழியாக மலையேறுகிற காட்டு ரோடுதான் உண்மையான கிராவல். பெயர்ந்த தார், உருண்டைக் கல், மழை அறுத்த பள்ளம், இலைச் சருகு எல்லாம் வரும். சருகுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அதன் மேல் திரும்பவோ பிரேக் பிடிக்கவோ வேண்டாம், நேராகக் கடந்துவிடுங்கள். பார்வை முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது, பத்து மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். எதைப் பார்க்கிறோமோ வண்டி அதில்தான் போய் விழும்.

தனியாகப் போகாதீர்கள். செக்போஸ்டில் அன்றைய நிலவரத்தைக் கேளுங்கள், இந்தப் பக்கம் தமிழிலேயே கேட்கலாம். வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள். மாலை 4 மணிக்குள் காட்டை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். ஈரம் காயாத யானைச் சாணமோ, புதிதாக ஒடித்த மூங்கிலோ கண்ணில் பட்டால் அங்கேயே நில்லுங்கள். பேச்சு, பெல், பாட்டு எதுவும் வேண்டாம். யானையே தெரிந்தால் சத்தமில்லாமல் வண்டியைத் திருப்பி, வந்த வழியே விலகுங்கள். பக்கத்தில் கடந்துவிடலாம் என்ற எண்ணமே கூடாது. கல் ரோட்டில் சைக்கிளைவிட யானை வேகம். அச்சன்கோவிலைத் தாண்டி அலிமுக்கு ரோட்டில் போவது முதல் வருஷத்துக்கு வேண்டாம்.

மழைக்காலத்தில் அட்டை ஏறும். உப்பைத் துணியில் முடிந்து நனைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: பையில் என்ன

டியூப் இரண்டு, டயர் லீவர் இரண்டு, பேட்ச், கைப்பம்பு, உங்கள் செயினுக்குப் பொருந்தும் இணைப்புக் கொக்கி, 750 மில்லி தண்ணீர் இரண்டு. டயர் கிழிந்தால் உள்ளே வைக்கப் பழைய டயரில் வெட்டிய நான்கு விரல் அகலத் துண்டு. பெட்ரோல் பங்கில் காற்றடிக்க பிரெஸ்டா வால்வுக்கான (மெல்லிய வகை வால்வு) பித்தளை அடாப்டர்.

வழியில் சைக்கிள் கடை இருக்கிறதே என்று டியூபை விட்டுவிட்டுப் போகாதீர்கள். கடையில் கிடைக்கும் 28 இஞ்ச் டயர் 635 மில்லிமீட்டர் ரிம்முக்கானது, உங்கள் 700சி ரிம் 622. அந்த டயர் உட்காராது. டியூபைத் திணித்துவிடலாம் என்றால், தடித்த வால்வு பிரெஸ்டா ஓட்டைக்குள் நுழையாது.

வீட்டுக்கு வந்ததும் வெறும் தண்ணீரில் கழுவி, செயினைத் துடைத்து, ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு சொட்டு எண்ணெய். டிஸ்க் பிரேக் பக்கம் ஸ்பிரே அடிக்காதீர்கள். ஒரு துளி பட்டாலும் பேடு வீண், புதுசுதான் வாங்க வேண்டும்.