டார்சியையும் எலிசபெத்தையும் எடைபோட ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' (கர்வமும் முன்முடிவும்) 1813இல் வந்த நாவல். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என்னிடம் ஆங்கில இலக்கியம் படிக்க வரும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் எழுதிக்கொண்டு வருவார்கள்: கர்வம் பணக்காரக் கதாநாயகன் டார்சியுடையது, தப்பான முன்முடிவு கதாநாயகி எலிசபெத் பென்னட்டுடையது. தலைப்பை ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்ற நினைப்பு. நாவல் அப்படி இல்லை. இரண்டும் இரண்டு பேரிடமும் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க நான் சொல்லித்தரும் வழி இது.

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பக்கத்தின் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் 'பார்த்தது', வலப்பக்கம் 'கேட்டது'. ஒரு பாத்திரம் நம் கண்முன்னே செய்வதும் பேசுவதும் இடப்பக்கம். அவரைப் பற்றி யாரோ சொன்னது, தன்னைப் பற்றி அவரே சொல்லிக்கொண்டது எல்லாம் வலப்பக்கம். வலப்பக்கத்தில் எழுதும்போது யார் சொன்னது, சொன்னவருக்கு அதில் என்ன லாபம் என்பதையும் சேர்த்துக் குறியுங்கள்.

இளம் ராணுவ அதிகாரி விக்கமை வைத்துப் பழகுங்கள், அவனைவிட நல்ல பாடம் கிடையாது. 16ஆம் அத்தியாயத்தில் டார்சி தனக்குத் துரோகம் செய்துவிட்டதாக எலிசபெத்திடம் கொட்டுகிறான். வலப்பக்கம் நிரம்பி வழியும். இடப்பக்கத்தில் என்ன இருக்கும்? அழகாக இருக்கிறான், இனிமையாகப் பேசுகிறான், முந்தின நாள் அறிமுகமான பெண்ணிடம் அடுத்தவர் குடும்ப விவகாரத்தைப் பேசுகிறான். அவ்வளவுதான். டார்சிக்குப் பயந்து ஒதுங்குபவன் நானில்லை என்கிறான். ஆனால் 18ஆம் அத்தியாயத்தில் டார்சி தங்கியிருக்கும் நெதர்ஃபீல்டு மாளிகையில் நடக்கும் நடன விருந்துக்கு வரவே இல்லை. டார்சியின் அப்பாமேல் உள்ள மரியாதையால் மகனை அம்பலப்படுத்த மாட்டேன் என்கிறான். டார்சி ஊரைவிட்டுப் போனதும் அந்தக் கதை ஊர் முழுக்கத் தெரிந்துவிடுகிறது. ஆஸ்டின் எதையும் ஒளிக்கவில்லை. எல்லாம் நம் கண்முன்னேயே நடக்கிறது. விக்கமைப் பற்றிய உண்மையைச் சொல்லி டார்சி எழுதிய கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்த பிறகு, 36ஆம் அத்தியாயத்தில்தான், எலிசபெத்துக்கு இது உறைக்கிறது.

இவ்வளவு கெட்டிக்காரப் பெண் எப்படி ஏமாந்தாள்? 3ஆம் அத்தியாயத்துக்குத் திரும்புங்கள். என்னை மயக்குகிற அளவுக்கு அழகில்லை என்று டார்சி சொன்னது அவள் காதில் விழுகிறது. அவள் சிரித்துக்கொண்டே அதைத் தோழிகளிடம் சொல்கிறாள். ஆனால் 5ஆம் அத்தியாயத்தில், அவன் என் கர்வத்தைக் காயப்படுத்தாமல் இருந்திருந்தால் அவன் கர்வத்தை மன்னித்திருப்பேன் என்கிறாள். இந்த வரியைக் கண்டிப்பாக அடிக்கோடிடுங்கள். விக்கமின் கதையை நம்ப அவள் அன்றைக்கே தயாராகிவிட்டாள்.

பாத்திரங்களின் குணத்தைப் பேசுவதற்கு முன் பணக் கணக்கையும் எழுதி வையுங்கள். டார்சிக்கு ஆண்டுக்கு 10,000 பவுண்டு, எலிசபெத்தின் அப்பா திரு. பென்னட்டுக்கு 2,000. பென்னட் வீட்டில் ஐந்தும் பெண்கள். சொத்தோ ஆண் வாரிசுக்குத்தான் போகவேண்டும் என்று கட்டுப்பட்டது. அவர் கண்மூடினால் அந்த வாரிசான உறவினர் காலின்ஸ் நினைத்த நேரத்தில் அவர்களை வெளியே அனுப்பலாம். எங்கள் ஊரில் இதை விளக்கவே தேவையில்லை. தோட்டம் கைமாறி, தொழிலாளர் குடியிருந்த லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொன்ன கதையைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். "டீச்சர், அந்தம்மா கத்துறதுல என்ன தப்பு? எங்க பாட்டியும் அப்படித்தான் கத்துனாங்களாம்" என்றாள் ஒரு படிவம் ஐந்து மாணவி, எலிசபெத்தின் அம்மா திருமதி பென்னட்டைப் பற்றி. திருமதி பென்னட்டின் பயம் நியாயமானதுதான். ஆனால் மழை வரும் என்று தெரிந்தே மூத்த மகள் ஜேனை நெதர்ஃபீல்டில் இரவு தங்கவைப்பதற்காகக் குதிரையில் அனுப்பி வைப்பது நியாயம் ஆகாது. பயத்தையும் நடத்தையையும் தனித்தனியாக எழுதுங்கள்.

திரு. பென்னட்டிடம் கூடுதல் கவனம் வேண்டும். அவர் பேச்சு சிரிப்பாக இருப்பதால் வாசகர்கள் அவரை விட்டுவிடுகிறார்கள். நான் விடுவதில்லை. கடைசி மகள் லிடியாவை ராணுவ முகாம் இருக்கும் பிரைட்டனுக்கு அனுப்ப வேண்டாம் என்று 41ஆம் அத்தியாயத்தில் எலிசபெத் மன்றாடுகிறாள். அனுப்பாவிட்டால் வீட்டில் நிம்மதி இருக்காது என்று அவர் தட்டிக்கழித்துவிடுகிறார். மகன் பிறப்பான் என்ற நம்பிக்கையில் பணமும் சேர்த்து வைக்கவில்லை. மனைவி சத்தம் போடுகிறாள், இவர் புத்தக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். அந்தக் குடும்பத்துக்கு அதிகக் கேடு செய்தது யார் என்று கேட்டால் நான் இவரைத்தான் சொல்வேன்.

'கேட்டது' பக்கம் முழுவதையும் தள்ளிவிடவும் கூடாது. 43ஆம் அத்தியாயத்தில் டார்சியின் பெம்பர்லி வீட்டை நிர்வகிக்கும் அம்மாள் அவனைப் புகழ்கிறாள். நாலு வயதிலிருந்து அவனைப் பார்த்தவள். ஒரு கடுஞ்சொல் கேட்டதில்லை என்கிறாள். கேட்பது யார் என்றுகூட அவளுக்குத் தெரியாது, அதனால் லாபமும் இல்லை. விக்கமின் சாட்சியத்துக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள்.

சரி, தேர்வில் எப்படி எழுதுவது? 'டார்சி கர்வம் பிடித்தவர்' என்பதோடு நிறுத்தினால் மதிப்பெண் வராது. எங்கே, யாரிடம், அதனால் என்ன இழந்தார் என்று சொல்லுங்கள்: 34ஆம் அத்தியாயத்தில் காதலைச் சொல்ல வந்த இடத்திலேயே அவள் குடும்பத்தின் தாழ்வைப் பேசுகிறார், சம்மதம் கிடைக்கும் என்று உறுதியாக நம்புகிறார், மறுக்கப்படுகிறார். அப்புறம் 58ஆம் அத்தியாயத்தைச் சேருங்கள். நல்ல கொள்கைகளைக் கற்றுக்கொடுத்தார்கள், ஆனால் கர்வத்தோடு அவற்றைப் பின்பற்ற விட்டுவிட்டார்கள் என்று தன் வளர்ப்பைப் பற்றி அவரே ஒப்புக்கொள்கிறார். உங்கள் பதிப்பு மூன்று பாகமாக இருந்தால் 34ஆம் அத்தியாயம் இரண்டாம் பாகத்தின் 11ஆவது.

எலிசபெத்தின் தோழி சார்லட்டைக் கடைசிக்கு வையுங்கள். 27 வயதில், காதல் இல்லாமல், காலின்ஸை மணக்கச் சம்மதிக்கிறாள். அவள் செய்தது சரி என்று ஒரு தாளிலும் தவறு என்று இன்னொரு தாளிலும் எழுதுங்கள். 22ஆம் அத்தியாயம் இரண்டுக்கும் உதவும். கூடவே 30ஆம் அத்தியாயத்தில் அவள் தான் உட்காருவதற்கு எந்த அறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள், ஏன் என்று பாருங்கள். அதை எந்தத் தாளில் சேர்ப்பது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.