வருமான வரியைச் சட்டப்படி குறைப்பது எப்படி? திருகோணமலை ஆட்களுக்கு ஒரு செய்முறை

சட்டமே கழித்துக்கொள் என்று தரும் தொகையைக் கேட்காமல் விட்டுவிட்டு, "எல்லாத்துக்கும் வரி" என்று புலம்புகிறவர்களுக்காக இது. கணக்குகள் 2025/26 மதிப்பீட்டாண்டுக்கானவை: 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை.

முதல் வேலை டின் நம்பர், அதாவது வரி செலுத்துநர் அடையாள எண். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் தளத்திலேயே எடுக்கலாம். இது இல்லாமல் மற்றது எதுவும் நகராது.

அடுத்தது வங்கி வட்டி. 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10% பிடிக்கிறார்கள். ஆனால் உங்கள் ஆண்டு வருமானம் 18 லட்சத்தைத் தாண்டாது என்றால், வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். அரச ஓய்வூதியத்துக்கு வருமான வரி கிடையாது, அதை இந்த 18 லட்சத்துக்குள் சேர்க்கவே தேவையில்லை. இது தெரியாமல் வைப்பு வட்டியில் வரி கொடுத்துக்கொண்டிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நம்மூரில் நிறையப் பேர்.

சரி, இப்போது வாடகையும் சோலாரும். இங்கேதான் காசு இருக்கிறது. மாதம் 1,75,000 சம்பளம், உவர்மலையில் ஒரு வீட்டை 30,000க்கு வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள் என்று வைப்போம். ஆண்டுச் சம்பளம் 21,00,000. வாடகை 3,60,000, அதில் திருத்த வேலைக்கென்று 25% கழிவு உண்டு (உண்மைச் செலவைத் தனியாகக் கேட்காவிட்டால்), மிஞ்சுவது 2,70,000. மொத்தம் 23,70,000, தனிநபர் நிவாரணம் (எல்லோருக்கும் வரி இல்லாமல் விடும் தொகை) 18,00,000 போக 5,70,000. முதல் 10 லட்சத்துக்கு 6% என்பதால் வரி 34,200. சம்பளத்தில் மாதம் 1,500 வீதம் 18,000 ஏற்கெனவே பிடித்திருப்பார்கள், மீதி 16,200 கட்ட வேண்டும்.

இதே ஆள் அந்த ஆண்டில் கூரையில் சோலார் போட்டு, அதை மின்சார சபை இணைப்போடு சேர்த்திருந்தால், செலவில் ஆண்டுக்கு 6,00,000 வரை கழிக்கலாம். கடனில் வாங்கியிருந்தால் வங்கிக்குக் கட்டிய தொகைக்கும் இது பொருந்தும். முழு 6 லட்சமும் செலவாகியிருந்தால் வரி பூச்சியம், பிடித்த 18,000ஐயும் திருப்பிக் கேட்கலாம். நம்ம வெயிலுக்கு மின் பில் குறைவது தனிக் கதை.

நன்கொடைக்கும் கழிவு உண்டு, ஆனால் அங்கீகரிக்கப்பட்ட தொண்டு நிறுவனமாக இருக்க வேண்டும், உச்சம் 75,000. கோணேசர் கோயில் உண்டியலில் போடுவது புண்ணியக் கணக்கு மட்டும்தான்.

கடைசியாக, வேலைத்தளத்தில் டி-10 சான்றிதழ் (சம்பளத்தில் பிடித்த வரியைக் காட்டுவது), வங்கியில் வட்டிச் சான்றிதழ், சோலார் பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, 2026 நவம்பர் 30க்குள் வருமான விவரத்திரட்டை இணையத்தில் அனுப்புங்கள். கூடப் பிடித்த பணத்தை அதில் கேட்டால்தான் தருவார்கள்.